உறைபனிப் படத்தோடு விறகைப் பற்றியும் நாலு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தால் போதும், தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உப்பு கொட்டினது மாதிரி உறைபனி படிந்திருக்கும் படம் நம் நாளிதழில் வந்துவிடும். இந்த வாரமும் வந்தது. படத்தைக் குறை சொல்ல எழுதவில்லை, எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படம் எடுத்த அதே விடியற்காலையில் இந்த மலையில் எத்தனை வீடுகளில் பச்சை விறகை ஊதி ஊதிக் கண் எரிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஒரு வாளி வெந்நீர் வைக்க முக்கால் மணி நேரம் போராடியிருப்பார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் குந்தா தாலுகாவில், மஞ்சூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து முப்பது வருஷமாக வீட்டு விறகு என் பொறுப்பு. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைத்து எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். குளிருக்கு விறகு சேர்ப்பது ஐப்பசி, கார்த்திகை வேலை இல்லை. அது தை மாச வேலை. பொங்கல் முடிந்த கையோடு வெட்டி, பிளந்து, வெயிலில் அடுக்கி, வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் கூரைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தால்தான் அடுத்த மார்கழிக்கு அது விறகு. இல்லாவிட்டால் அது வெறும் மரம்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது, அவர்கள் மேல் தப்பில்லை. அங்கே வெட்டிப் போட்ட கட்டை முற்றத்தில் கிடந்தே காய்ந்துவிடும். எங்களுக்கு அப்படி இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, அது ஓய்ந்த கொஞ்ச நாளில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, நடுவில் மழை இல்லாத நாளிலும் மஞ்சு இறங்கி மதியம் மூன்று மணிக்கே எதிர் வீடு தெரியாது. ஜூலையில் கம்பளியைத் துவைத்துப் போட்டால் மூன்று நாள் கழித்தும் கையில் ஈரம் ஒட்டும். அந்தக் காற்றில் விறகு எப்படிக் காயும்? ஆனால் உறைபனி விழுகிற மாசங்கள் இருக்கிறதே, ராத்திரி வானம் துடைத்து வைத்தது மாதிரி இருப்பதால்தான் அவ்வளவு குளிர், அதே வானத்தால்தான் பகலில் சுள்ளென்று வெயில். காலையில் போட்ட துணி சாயங்காலம் மொறமொறவென்று இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் விறகு காய இந்த மலை நமக்குத் தருகிற காலம் அதுதான். ஏப்ரல், மே மாசத்தில் கோடை மழை ஒன்றிரண்டு வரும், வந்து போய்விடும். அடுக்கின விறகை அது ஒன்றும் செய்யாது.

அப்பா இலங்கையிலிருந்து வந்தவர். நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, 1964 சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கேயும் இதே குளிர், இதே மழை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் கட்டி அதில்தான் விறகு வைப்பார்களாம். தேயிலைச் செடியில் கவாத்து வெட்டின குச்சியை, மிலாறு என்போம், கட்டுக் கட்டாகத் தூக்கி வந்து அதில் ஏற்றிவிட்டால், கீழே சமைக்கச் சமைக்க மேலே காயும். இங்கே வந்த பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பரண் இருந்தது. "இன்னைக்கு எரிக்கிறது போன வருசத்து விறகா இருக்கணும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். சின்ன வயசில் அது எனக்கு ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது. காரணம் புரிய எனக்கு நாற்பது வயசு தாண்ட வேண்டியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய், அந்த வருஷம் தை, மாசி இரண்டும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததிலேயே போய்விட்டது. விறகு வெட்ட ஆள் வைக்கவில்லை. நவம்பரில் ஒரு விறகு டிப்போவில் சொல்லி, ஒரு டன் பிக்கப்பில் வந்து இறங்கியது. "காஞ்ச வெறகுதான்க்கா, நம்பி எறக்குங்க" என்றார் வந்தவர். பார்க்கவும் அப்படித்தான் இருந்தது, மேலெல்லாம் சாம்பல் நிறம் ஏறி, முனையில் கூட லேசாக வெடிப்பு. அன்று ராத்திரி விறகில் வெந்நீர் போடுகிற பாய்லரில் இரண்டு கட்டை வைத்தேன். பற்றவே இல்லை. பேப்பர், மிலாறு, எல்லாம் எரிந்து முடிந்த பிறகு கட்டையின் வெட்டுவாயில் இருந்து 'சொய்ய்ய்' என்று ஒரு சத்தம், பிறகு பழுப்பாக நுரை. சோப்பு நுரை மாதிரி பொங்கிச் சொட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் ஒரு கட்டையை நடுவில் பிளந்து, பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரத்துணியை ஒற்றினது மாதிரி ஜில்லென்று இருந்தது. வெளியே ஒரு விரல்கடை மட்டும் காய்ந்த மரம், உள்ளே பச்சை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. மாமனாருக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு. சமையலறைப் புகை நடு அறைக்கு வரும், குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க முடியாது. ராத்திரியெல்லாம் இருமுவார். ஒரு நாள் "அடுப்பே வேணாம்மா, போர்வையப் போர்த்திக்கிறேன்" என்றார். எண்பது வயசுக்காரர், வெளியே புல் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கிற குளிரில். அதைக் கேட்டபோது வந்த வேதனையில்தான் அடுத்த பொங்கலுக்கு முன்பே கோடாரிக்குப் பிடி மாற்றி வைத்தேன்.

அப்போது ஒரு காரியம் செய்தேன். ஜனவரி கடைசியில் புதிதாக வெட்டிப் பிளந்த, யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத் துண்டு ஒன்றை எடுத்து, பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் நிறுத்தேன். 3 கிலோ 200 கிராம். வெட்டுவாயில் மார்க்கரால் எழுதி, அடுக்கில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நிறுத்து, பக்கத்திலேயே எழுதினேன். முதல் ஒரு மாசம் மளமளவென்று இறங்கியது, பிறகு மெதுவாக. மே கடைசியில் 1 கிலோ 900. அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஒரே ஒரு கையகலக் கட்டையிலிருந்து 1 கிலோ 300 கிராம் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் காற்றோடு போயிருக்கிறது.

இந்தக் கணக்கை எல்லாரும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நம் ஊரில் விறகை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். ஒரு டன் பச்சை விறகு வாங்கினால் அதில் 500 கிலோ தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலும் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும், அதைத் தவிர்க்க முடியாது, அந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்த ஒரு டன் காய்ந்து முடியும்போது 625 கிலோதான் இருக்கும். மீதி 375 கிலோவுக்குக் கொடுத்த காசு தண்ணீருக்குக் கொடுத்த காசு. நஷ்டம் அதோடும் நிற்காது. அந்தத் தண்ணீரை அடுப்புக்குள் ஆவியாக்க மறுபடியும் விறகுதான் செலவாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து முழுசாக ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும், ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் கிடைப்பது 4,000 கிலோகலோரி அளவு. அதையும்விட மோசம், தீ சூடேற முடியாமல் தணிந்தே எரிவதுதான். கட்டை சூடாகும்போது அதிலிருந்து வருகிற வாயு எரிந்துதான் பெரும்பகுதி வெப்பம் கிடைக்கிறது. சூடு போதாவிட்டால் அந்த வாயு எரியாமல் புகையாகப் போகும், போகிற வழியில் பாய்லர் குழாயில் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த வருஷம் எங்கள் குழாயைக் கழற்றித் தட்டினபோது உள்ளே விரல் நுழைகிற அளவுதான் ஓட்டை இருந்தது. அந்தக் கரி தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து.

அடுக்குவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் வெட்டுகிற வேலையைச் சரியாகச் செய்துவிட்டு அடுக்குவதில் கோட்டை விடுகிறார்கள். முதலில் பிளக்க வேண்டும். உருட்டுக் கட்டையாக விட்டால் வருஷம் ஒன்று ஆனாலும் நடுவில் காயாது, பட்டை ஈரத்தை விடாது. கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்த பிறகு அதன் நார் முறுக்கிக்கொண்டு ஆப்பும் சம்மட்டியும் இல்லாமல் வேலை நடக்காது. வாட்டில் என்கிற சீகை அவ்வளவு படுத்தாது, கனமான மரம், தணல் நன்றாக நிற்கும், எனக்குக் கேட்டால் இந்த மலையில் அதற்கு மிஞ்சின விறகு இல்லை. சில்வர் ஓக் சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும், பற்ற வைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தரையில் நேராக அடுக்கக் கூடாது. கீழே இரண்டு வரிசை செங்கல்லோ கல்லோ போட்டு, அதன் மேல் இரண்டு நீளக் கட்டை போட்டு, அதற்கு மேலேதான் அடுக்க வேண்டும், அரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். சுவரோடு ஒட்டி அடுக்கவே கூடாது, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு தள்ளி இருந்தால் காற்றும் போகும், எலியும் தேளும் குடிவந்தால் தெரியவும் தெரியும். ஒரே வரிசையாக நீளமாகப் போடுவது நல்லது, இடம் இல்லை என்று மூன்று நாலு வரிசை நெருக்கி வைத்தால் நடு வரிசை அப்படியே பூசணம் பிடிக்கும். தெற்குப் பார்த்த இடம் கிடைத்தால் விடாதீர்கள், தை, மாசி வெயில் தெற்கே சாய்ந்துதான் அடிக்கிறது.

அப்புறம் தார்ப்பாய். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. மழைக்குப் பயந்து அடுக்கை மேலிருந்து கீழ் வரைக்கும் தார்ப்பாயால் பொட்டலம் மாதிரிச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உள்ளே கையை விட்டுப் பாருங்கள், தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். மரத்திலிருந்து வருகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் திரும்ப மரத்திலேயே சொட்டுகிறது. மேலே மட்டும் மூடினால் போதும், பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். பழைய தகரம் இரண்டு இருந்தால் அதைச் சாய்வாக வைத்துக் கல் ஏற்றிவிட்டால் தார்ப்பாயே வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்கத் தராசு எல்லாருக்கும் கிடைக்காது. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், பச்சை 'மொத்' என்று விழும். சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பிளந்து கன்னத்தில் வையுங்கள். டிப்போவில் வாங்குகிறவர்களும் இதைச் செய்யலாம், ஒரு கட்டையைப் பிளந்து காட்டச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எல்லார் வீட்டிலும் கேஸ் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு விறகு என்று சிலர் கேட்பார்கள். 2016-ல் ஏழைக் குடும்பங்களுக்குக் கேஸ் இணைப்பு தருகிற உஜ்வலா திட்டம் வந்த பிறகு எங்கள் ஊரிலும் பல வீட்டில் சிலிண்டர் இருக்கிறது, சமையல் பெரும்பாலும் அதில்தான். ஆனால் குளிக்க வெந்நீரையும், சாயங்காலம் உட்கார்ந்து காய்கிற தீயையும் சிலிண்டரில் வைத்தால் ஒரு கூலிக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? ஆகாது.

விறகு காயாத வீடுகளில் வேறு ஒன்றும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. நவம்பர், டிசம்பரில் விறகு ஈரமாக இருப்பதால் பெண்கள் காய்ந்த சுள்ளி தேடித் தேயிலைத் தோட்டத்து ஓரத்துக்கும் சோலைக்காட்டுப் பக்கமும் போகிறார்கள். மஞ்சு இறங்கின நேரம், பத்தடி தூரத்தில் காட்டெருமை நிற்பது தெரியாது. கரடியும் இப்போது தோட்டங்களுக்குள்ளேயே திரிகிறது. வீட்டில் காய்ந்த விறகு இருக்கிற பெண் அந்த நேரத்தில் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு பக்கம், பற்றாத விறகைப் பற்ற வைக்க சைக்கிள் டியூப் துண்டையும் பிளாஸ்டிக் கவரையும் போடுகிறார்கள், அந்தப் புகையைச் சின்னப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். அடுப்பு சரியாக எரியவில்லை என்று தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வது எல்லாவற்றிலும் பயங்கரம். தணலில் இருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், இந்த ஒரு வரியையாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இந்த வருஷம் ஈர விறகோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று சொல்வேன். மொத்த விறகையும் காய வைக்கப் பார்க்காதீர்கள், முடியாது. பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் கைமணிக்கட்டு கனத்துக்குச் சன்னமாகப் பிளந்து, பாய்லர் இருக்கிற அறையில், தீயிலிருந்து மூன்றடி தள்ளி, இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். அது தீரத் தீர அடுத்த பத்து நாள் விறகு உள்ளே வரட்டும். முழுசாகக் காயாது, ஆனால் நுரை தள்ளாது.

இனி அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை. கற்பூர மரமும் சீகையும் இந்த மலையின் மரங்கள் இல்லை. வெள்ளைக்காரர்கள் ஊட்டியைக் கட்டும்போது சோலைகளை விறகுக்காக அழித்துவிட்டு, பிறகு விறகுக்குத் திண்டாடி, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை. கற்பூர மரம் இங்கே வந்தது 1843-ல் என்று சொல்கிறார்கள். அதாவது நம் அடுப்புக்காகவே வந்த மரம். இன்று அதே சீகை புல்வெளியையும் சோலையையும் மூடிவிட்டது என்று அதை அகற்றுகிறார்கள், 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நல்ல காரியம், சோலை திரும்ப வரட்டும். அப்படி வெட்டுகிற சீகையில் ஒரு பங்கை ஜனவரி, பிப்ரவரியில் உள்ளூர் ஜனங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும்! மழை தொடங்கின பிறகு கொடுத்தால் பிரயோஜனம் இல்லை, மாசம் முக்கியம். அதேபோல 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் இருக்க வேண்டியதுதான், அது இல்லாவிட்டால் இந்நேரம் மலை மொட்டையாகியிருக்கும், சரிவில் மண் நின்றிருக்காது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் மண்சரிவில் போன உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. நான் கேட்பதெல்லாம், வீட்டு விறகுக்கு ஒன்றிரண்டு மரம் கேட்கிற விண்ணப்பங்களைப் பொங்கலுக்கு முன்பே பார்த்து முடித்துக் கொடுங்கள் என்பதுதான்.

எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் இதைப் பேசியிருக்கிறோம். பத்துக் குடும்பம் சேர்ந்து பிப்ரவரியில் பச்சை விறகாக வாங்கி, பொது இடத்தில் தகரக் கொட்டகை போட்டு அடுக்கி, நவம்பரில் காய்ந்த எடைக்கு எடுத்துக்கொள்வது என்று யோசனை. கொட்டகைக்கு இடம் பார்த்தாகிவிட்டது, தகரத்துக்குத்தான் பணம் சேர்க்கிறோம். வேறு ஊரில் யாராவது ஏற்கெனவே இப்படிச் செய்திருந்தால் இந்தப் பகுதியில் எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

உங்களிடம் கேட்பது, அடுத்த மாசம் பொங்கல் சிறப்பிதழில் நீலகிரிப் பக்கத்தில் ஒரு மூலையில் 'குளிருக்கான விறகை இப்போதே வெட்டி அடுக்குங்கள்' என்று நாலு வரி போடுங்கள். உறைபனிப் படம் எடுக்க வருகிற உங்கள் புகைப்படக்காரர் மஞ்சூர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வரலாம். மார்க்கரில் எடை எழுதின அந்தத் துண்டை எரிக்க மனசில்லாமல் பரணில் வைத்திருக்கிறேன், ஒன்பது எடையும் வரிசையாக அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சூர் அருகில், நீலகிரி மாவட்டம்.